மருமகனின் டர்போவும் என் பூனையும்

எங்கள் வீட்டுப் பின் வளவில் ஒரு ரேஸ் கார் கட்டினார்கள் என்று சொன்னால் ஆட்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் இப்போது சிரித்துச் சிரித்துத்தான் சொல்கிறேன். ஆனால் அது நடந்த மாதங்களில் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. என் பேச்சைக் கழுவி, காயப்போட்டு, மடித்துத்தான் எழுதுவாள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மடித்த உடுப்பும் என்னுடைய உடுப்புத்தானே.

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். கல்முனைக்குடியில், கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். பெண்ணைப் பெற்றவர்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள். மகளுக்குக் கலியாணம் நடந்ததும் முன் வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு நான் சமைக்கிற குசினியோடு ஒட்டிய அறைக்கு வந்துவிட்டேன். அந்த அறையின் யன்னல் பின் வளவைப் பார்த்தபடி இருக்கும். அதனால்தான் இந்தக் கதை முழுவதும் எனக்குத் தெரியும். முன் அறையில் இருந்திருந்தால் தெருவில் போகிற மீன்காரரைத் தவிர வேறொன்றும் கண்டிருக்கமாட்டேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாமியும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கதைப்பதில்லை. கோபமில்லை, மரியாதை. அவர் வந்தால் நான் முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போவேன். நான் வந்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போவார். இந்தக் காலத்து மாமிமார் மருமகனோடு ஒரே சோபாவில் இருந்து டீவி பார்க்கிறார்கள். நான் பழைய ஆள். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். ஆனால் மகள் காலையிலேயே பள்ளிக்கூடம் போய்விடுவாள். மிச்சம் இருப்பது நானும் அவரும் பேத்தியும். பேத்தி தொட்டிலில் கிடக்கிற பிள்ளை. அவளிடம் என்னத்தைச் சொல்லி அனுப்புவது?

அதற்குத்தான் பூனை.

குசினி வாசலில் சாம்பல் நிறப் பூனை ஒன்று எப்போதும் படுத்திருக்கும். ஒருநாள் தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, அவர் கவனிக்காமல் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார் என்று, பூனையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

“பூனே, தேத்தண்ணி ஆறுது எண்டு சொல்லு.”

வளவிலிருந்து பதில் வந்தது.

“பூனே, கையெல்லாம் ஒயில். கழுவிட்டு வாறன் எண்டு சொல்லு.”

அன்றிலிருந்து அதுவே எங்கள் வழியாகிவிட்டது. பூனை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாலை நக்கும். மகள் வந்து கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். “உம்மா, ஊரு கேட்டாச் சிரிக்கும்” என்பாள். ஊர் கேட்க நாங்கள் ஊருக்கு முன்னால் செய்வதில்லை. வெளி ஆள் ஒருவர் வாசல் கடப்புக்குள் காலை வைத்தால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வோம்.

மருமகன் கலியாணம் முடித்த கையோடு கட்டாருக்குப் போனவர். அங்கே ரேஸ் கார் செய்கிற ஒரு கராஜில் வேலை. பேத்தி பிறந்ததைப் போனில்தான் பார்த்தார். பிறந்த பிள்ளையின் காதில் வாப்பா பாங்கு சொல்ல வேண்டும், வாப்பா பக்கத்தில் இல்லை. என் தம்பிதான் சொன்னான். போனுக்குள் மருமகன் கைகளை ஏந்தியபடி அழுதுகொண்டிருந்தார். பிறகு ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கி, இனிப் போகமாட்டேன் என்றார். எங்களுக்குப் பெருநாள்தான். ஆனால் இங்கே அவருக்கு என்ன வேலை? அறுவடைக் காலத்தில் நெல் வெட்டுகிற மெசின்களைத் திருத்துவார். அறுவடை முடிந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்.

அப்போதுதான் கொழும்புப் பக்கத்தில் ரேஸ் கார்களுக்கு இன்ஜின் கட்டிக் கொடுக்கிற ஒருவர் அவரிடம் சொன்னாராம்: ஊரில் இருந்துகொண்டே எனக்கு இன்ஜின் கட்டித் தரலாம், லொறியில் அனுப்புகிறேன், ஆனால் முதலில் நீயே ஒரு கார் கட்டி, ஓட்டத் தடத்துக்குக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டு. காட்ட ஒரு நாளும் சொன்னார். அதே கிழமையில் கட்டார் முதலாளியும் புது விசா அனுப்பிவிட்டார். ஆகக் கணக்கு நேராகிவிட்டது. கார் ஓடினால் மருமகன் வீட்டில். ஓடாவிட்டால் விமானத்தில்.

என் மகள் இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். நான் பூனையோடு வெகு நேரம் பேசினேன். ஏனென்றால் எனக்கு இந்தப் பயணம் புதிதல்ல. என் மனுசனும் சவூதிக்குப் போனவர். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று கடிதம் போடாமல் கசெற்றில் கதைத்து அனுப்புவார். “கேட்டியா, நான் நல்லா இரிக்கன்” என்று தொடங்கும். நான் கசெற்றைப் போட்டுவிட்டு முன்னால் இருந்து பதில் சொல்வேன். வெண்டிக்காய் காய்த்ததைச் சொல்வேன், கூரை ஒழுகுவதைச் சொல்வேன். அது தன் பாட்டுக்கு வேறு எதையோ சொல்லிக்கொண்டு ஓடும். அவர் திரும்பி வந்தபோது நோயாளியாக வந்தார், கொஞ்ச நாளில் மௌத்தாகிவிட்டார். வந்த மனுசனோடு நான் கதைத்ததைவிட அந்தக் கசெற்றோடு கதைத்ததுதான் கூட. என் மகளுக்கு அது வேண்டாம் என்று எல்லாத் தொழுகையிலும் கேட்டேன்.

கார் வந்தது. கார் என்று சொல்லக் கூடாது, துருவேறிக் கறல் பிடித்த தகரக் கூடு. இன்ஜின் இல்லை, இருக்கை இல்லை, கண்ணாடி இல்லை. நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்து வேப்ப மரத்தடியில் விட்டார்கள். நான் மிளகாய் காயப்போடுகிற இடம் அது. பிறகு லொறியில் இன்னொரு காரின் முன்பாதி வந்தது, வெட்டின பூசணிக்காய் மாதிரி. அதற்குள் இருந்த இன்ஜினை எடுத்து இந்தக் கூட்டுக்குள் வைக்கப் போகிறார்கள் என்று மகள் சொன்னாள்.

“சின்ன ஊட்டுக்குப் பெரிய மாப்புள” என்றேன்.

“அதோட ஒரு டர்போவும் இரிக்கி உம்மா.”

“அது என்னகா?”

“எரிஞ்சி வெளிய போற புகை இரிக்கெல்லா, அது ஒரு காத்தாடியச் சுத்தும். அந்தச் சுத்துல மத்தப் பக்கத்துக் காத்தாடி காத்த உள்ளுக்கு அமத்தும். காத்துக் கூடினா நெருப்புக் கூடும்.”

“அப்ப அடுப்புத் தன்ட புகைய வெச்சித் தன்னையே ஊதிக்கிதா? கெட்டிக்கார அடுப்புத்தான்.”

வளவிலிருந்து குரல் வந்தது: “பூனே, மாமிக்கு விளங்கிட்டு எண்டு சொல்லு.”

எனக்கு அப்படி ஒரு சந்தோசம். அன்றைக்கு அவருக்குப் பொரித்த மீனில் நடுத்துண்டை வைத்தேன்.

சந்தோசம் அன்றோடு சரி. வேப்ப மரத்துக் கிளையில் சங்கிலி கட்டி இன்ஜினைத் தூக்கிக் காருக்குள் இறக்கினார். அடிப்பக்கம் காரின் குறுக்குச் சட்டத்தில் முட்டியது. மேலே தூக்கினார். சட்டத்தை வெட்டினார், ஒட்டினார், திரும்ப இறக்கினார். இப்போது பொனட் மூடவில்லை. இன்ஜினைக் கொஞ்சம் பதித்தால் ஸ்டியரிங் கம்பி புகைக் குழாயில் உரசுகிறது. குழாயைத் திருப்பினால் ரேடியேட்டருக்கு இடமில்லை. எத்தனை தரம் ஏற்றி இறக்கினார் என்று எனக்குத் தெரியாது. வேப்ப மரம் முனகுகிற சத்தம் கேட்டாலே நான் பிஸ்மி சொல்லத் தொடங்கிவிடுவேன். காருக்குள்ளே குழாய்களால் ஒரு கூடு கட்டினார், கார் உருண்டாலும் ஆள் நசுங்காமல் இருக்க. அதைப் பார்த்த பிறகு என் பயத்துக்கு இன்னொரு பயமும் சேர்ந்தது.

என்னுடைய புதுப் பன்பாயை விரித்து அதன் மேல் வயர்களைப் பரப்பினார். எத்தனை நிறம்! கலியாணத்துக்குத் துணி எடுக்கப் போன மாதிரி இருந்தது. ஆனால் அந்த வயர்களுக்கு நடுவில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பார். நாட்டில் சாமான் வருவது நின்றுபோயிருந்த காலம். ஒரு சின்னப் பொருத்துக்காக ஊர் ஊராகப் போன் எடுப்பார். இல்லை என்பார்கள். பிறகு இன்னொரு போன். வர வர அவர் மெலிந்தார், தலைமயிரில் இரும்புத் தூள், கண்ணெல்லாம் வெல்டிங் சிவப்பு. பிள்ளை அழுதால் தூக்கப் போவார், கையைப் பார்ப்பார், திரும்பிவிடுவார்.

ஒருநாள் மகள் அவரிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

“இஞ்சாருங்க, போறதெண்டாப் போங்க. இரிக்கிறதெண்டா இரிங்க. இப்பிடிப் பாதி இருந்து பாதி போகாதீங்க.”

இந்த வரியை எழுத வேண்டாம் என்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

கச்சான் காற்று தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அந்தக் காற்று அடித்தால் சோற்றிலும் மணல், படுக்கையிலும் மணல். இன்ஜினுக்குள் மணல் போனால் எல்லாம் போச்சு என்று, மருமகன் தன்னுடைய பழைய மருதமுனைச் சாரனைக் கிழித்து, திறந்து கிடந்த குழாய் வாய்கள் எல்லாவற்றையும் அடைத்தார். இடுப்பில் உடுக்கிற நல்ல கைத்தறிச் சாரன், பச்சைக் கரை போட்டது. பெருநாளைக்கு என் மகள் எடுத்துக் கொடுத்தது. எனக்கு மனம் எரிந்தது, ஆனால் பூனையிடம்கூட அதைச் சொல்லவில்லை.

முதன்முதலாக இன்ஜினை முடுக்குகிற நாள் வந்தது. அசர் தொழுகை முடிந்து அவருடைய கூட்டாளிகள் வந்தார்கள், என் தம்பியும் வந்தான். வளவு நிறைய ஆம்பிளைகள். நான் யன்னலுக்குப் பின்னால். மருமகன் குழாய்களில் இருந்த துணிகளை இழுத்து இழுத்துக் கீழே போட்டார். போடப் போட நான் பார்த்துக்கொண்டிருந்தேன், சாரனுக்காகத்தான், வேறொன்றுக்குமில்லை. கரைத் துண்டைத் தனியாக எடுத்து வைத்தால் பிள்ளைக்கு எதற்காவது ஆகும் என்று யோசித்தேன். கீழே கிடந்த குவியலில் பச்சைக் கரை இல்லை. கரைத் துண்டை அவர் டர்போவின் வாய்க்குள் திணித்ததை நான் கண்டிருந்தேன். இப்போது அந்த வாயின் மேல் வேறொரு குழாயைப் பூட்டிவிட்டார்கள்.

என்ன செய்வது? மகள் அந்த நேரம் பிள்ளையைக் கொண்டு பக்கத்து வீட்டில், சத்தத்துக்குப் பிள்ளை பயந்துவிடும் என்று. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“பூனே! டர்போக்குள்ள துணி கிடக்கு எண்டு சொல்லு!”

கூட்டாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். என் தம்பி, “ராத்தா பூனைக்கும் மெக்கானிக் வேல படிச்சிக் குடுக்கா” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மருமகனின் காது சிவந்தது. அவர் திரும்பவில்லை. நான் இன்னொரு தரம் கத்தினேன். அதற்குள் அவர் சாவியில் கையை வைத்துவிட்டார்.

இன்ஜின் பிடித்தது. அல்லாஹ்வே, அந்தச் சத்தம்! யன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. ஒரு நொடி எனக்கும் மறந்துபோனது; உயிர் வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவர் வேகத்தைக் கூட்டினார். விசில் மாதிரி ஒன்று எழும்பியது, அது கத்தலாக மாறியது, கத்தல் இரும்பு அரைகிற சத்தமாக மாறியது, பிறகு ஒன்றுமில்லை. வெள்ளைப் புகை வேப்ப மரத்துக்குள் ஏறிப் போனது.

கழற்றிப் பார்த்தார்கள். பச்சைக் கரை காத்தாடியில் நூல் கட்டை மாதிரிச் சுற்றிக் கிடந்தது. காத்தாடியின் இதழ்கள் மடங்கி, சில உடைந்து, தண்டும் வளைந்திருந்தது. கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. மருமகன் நெல் காயப்போடுகிற படங்கை எடுத்துக் காரை மூடினார், மௌத்தானவரின் மையத்தை மூடுகிற மாதிரி, மெதுவாக, நான்கு மூலையையும் இழுத்துவிட்டு.

அதற்குப் பிறகு வந்த நாட்களைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மகள் பள்ளிக்கூடம் போவாள், வருவாள், சோற்றைப் பிசைந்துவிட்டு வைத்துவிடுவாள். நான் “பூனே” என்று தொடங்கினால் வளவிலிருந்து பதில் வராது. தேநீர் ஆறி, ஏடு படிந்து, எறும்பு விழுந்து கிடக்கும். ஒருநாள் அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கி வெயிலில் திறந்து வைத்தார். பழைய பெட்டி, கட்டார் வாசனை இன்னும் போகாதது. நான் யன்னலில் நின்று பூனையைத் தேடினேன், ஏதாவது சொல்ல வேண்டும் என்று. பூனை பெட்டிக்குள் படுத்திருந்தது. அவர் தூக்கி வெளியே விட்டார். அது திரும்ப ஏறிப் படுத்தது. அவர் திரும்பவும் தூக்கப் போனார்.

அப்போது என் கால் எப்படி வெளியே வந்தது என்று எனக்குத் தெரியாது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

“மகன், அந்தப் பெட்டிய மூடாதீங்க.”

அவர் திகைத்துப்போனார். கதவைத் தேடினார், போக இடமில்லை. இரண்டு பேரும் நடு வளவில் நிற்கிறோம்.

“மாமி…” என்றார். என் முகத்துக்கு நேரே அவர் சொன்ன முதல் சொல் அது.

“நீங்க போனா நான் ஆரோட கதைக்கிற? இந்தப் பூனைக்கிட்ட என்னத்தச் சொல்லி அனுப்புற? ஆருக்கு அனுப்புற?”

வேறு என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன், பிள்ளையைப் பற்றி, கசெற்றைப் பற்றி. இதுதான் வந்தது. அவர் பெட்டிக்குப் பக்கத்தில் மணலில் இருந்துவிட்டார்.

“அண்டைக்கு நீங்க சொன்னது கேட்டது மாமி. ஆக்களுக்கு முன்னால பூனைக்குப் பதில் சொல்ல வெக்கமாப் போச்சு. கேளாத மாதிரி நின்டுட்டன்.”

“அத விடுங்க. இப்ப என்ன வேணும்?”

“டர்போ வேணும்.”

“எங்க இரிக்கி?”

“இந்த நேரத்துல இந்த நாட்டுல தேடி எடுக்க ஏலா. மாமாட பழைய வெட்டு மெசின்ல ஒண்டு இரிக்கி. ஒருக்காக் கேட்டுப் பாத்தன். சிரிச்சிட்டார்.”

மாமா என்றால் என் தம்பி. நற்பிட்டிமுனையில் வயலும் வீடுமாக இருக்கிறான். நான் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அபாயாவைப் போட்டுக்கொண்டு ஓட்டோ பிடித்தேன்.

தம்பி வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

“வாங்க ராத்தா, என்ன ஓட்டோவுல? மருமகன் ரேஸ் கார்ல கொண்டு விடல்லயா?”

“ஓடாத கார்ல எப்பிடி வாற? அத ஓட வெக்கத்தான் வந்திரிக்கன். பழைய மெசின்ட டர்போவக் கழட்டித் தா.”

“அது நெல்லு வெட்டுற மெசின்ட சாமான். ரேஸ் கார்ல பூட்டினா கார் றோட்ட உட்டு வயலுக்குள்ள இறங்கிரும்.”

“இறங்கட்டும். வெட்டி முடிச்சிட்டு வரட்டும்.”

“வெளாடாதீங்க ராத்தா. அடுத்த போகத்துக்கு அந்த மெசினத் திருத்தலாமெண்டு இரிக்கன்.”

அந்த மெசின் கொட்டிலுக்குள் நின்றது. நெல் விழுகிற பெட்டியில் அவன் மனைவியின் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. திருத்தப் போகிறானாம்! நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறிச் சாரதி இருக்கையில் இருந்துகொண்டேன். கோழிகள் எல்லாம் பறந்து கொக்கரித்தன.

“ராத்தா! இறங்குங்க, ஆக்கள் பாக்காங்க!”

“பாக்கட்டும். இஞ்சயே ளுஹர் தொழுவன், அசர் தொழுவன்.”

“என்னத்துக்கு இப்பிடி அடம் புடிக்கீங்க? போனாப் போறார். ஒலகத்துல எத்தன பேர் போறாங்க.”

மேலே இருந்தபடி அவனிடம் கேட்டேன்: “புள்ளட காதுல நீதான் பாங்கு சொன்ன. அடுத்த புள்ளைக்கும் நீயே சொல்லப் போறியா?”

அவன் பல் குச்சியை எறிந்தான்.  பிறகு உள்ளே போய் ஸ்பானர் பெட்டியைக் கொண்டு வந்தான். கழற்றுகிற நேரமெல்லாம் திட்டிக்கொண்டுதான் கழற்றினான். நான் சாமானை உரச்சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொண்டுபோகிற பலகாரத்தைக்கூட நான் அவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோனதில்லை.

அது காருக்குப் பொருந்தவில்லை. பொருந்தும் என்று நான் நினைத்திருந்தேன், பார்த்தால் வாய் வேறு, துளை வேறு, பருமன் வேறு. மருமகன் தடித்த இரும்புத் தகட்டை வெட்டி இடையில் வைத்தார். ஒயில் குழாய் எட்டவில்லை, வேறொன்று வளைத்தார். உடைந்த துண்டுகள், நல்லகாலம், முன்னாலிருந்த காற்றைக் குளிரவைக்கிற பெட்டியில் சிக்கியிருந்தன, இன்ஜினுக்குள் போகவில்லை. அந்தப் பெட்டியை நானும் மகளும் கழுவினோம், வெல்லம் கரைத்த சட்டியைக் கழுவுகிற மாதிரி, தண்ணீர் தெளிய வரும்வரை. நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. ஒரு வெல்டிங் விட்டுப்போய் ஒயில் கசிந்தது. அவர் ஸ்பானரைத் தூக்கிச் சுவரில் அடித்தார். கட்டார்ப் பெட்டி இன்னும் அறையில் திறந்தபடிதான் கிடந்தது. 

ஆனாலும் சொல்ல வேண்டும், அந்த நாட்களில் எனக்கு ஒரு புதுச் சுகம் கிடைத்தது. நேரே கதைக்கலாம்! இவ்வளவு காலமும் பூனைக்குள் அடக்கி வைத்த கதையெல்லாம் வெளியே வந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்று அவரிடம் எல்லாம் சொன்னேன், ஒலுவில் துறைமுகத்தில் மீன் விலை, பக்கத்து வீட்டுக் கலியாணம், எனக்கு மூட்டு வலி வந்த விதம். ஒரு கட்டத்தில் காருக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது.

“மாமி, கொஞ்ச நேரம் பூனையோட கதைங்களன்.”

மகள் சிரித்தாள். பல கிழமைகளுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

துணிகளை நான் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். குழாய் வாய் அடைக்கிற ஒவ்வொரு துணியிலும் முழ நீளத்துக்குச் சிவப்பு நாடா தைத்துவிட்டேன், வெளியே தொங்குகிற மாதிரி. துணி உள்ளே இருந்தால் நாடா காற்றில் ஆடும். காரைப் பார்த்தால் கந்தூரிக்குக் கொடி கட்டின மாதிரி இருந்தது. திரும்ப முடுக்குகிற அன்று கூட்டாளிகள் யாரையும் கூப்பிடவில்லை. அவர் நாடாக்களை ஒவ்வொன்றாக இழுத்து என் கையில் தந்தார். எல்லாம் வந்ததும் தலையை ஆட்டினேன். இன்ஜின் பிடித்தது. இந்த டர்போ முந்தினது மாதிரி விசில் அடிக்கவில்லை. முதலில் யோசிக்கும், பிறகு பெரிதாக மூச்சை இழுக்கும், வயலில் மெசின் வரம்பு ஏறுகிற மாதிரி. ஆனால் ஊதியது. நான் நாடாக்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓட்டிக் காட்டுகிற நாளுக்காக, நெல் ஏற்றுகிற லொறியில் காரை ஏற்றிக்கொண்டு போனார்கள். தம்பியும் கூடப் போனான், தன்னுடைய சாமானைக் காவல் காக்கவாம். எங்களுக்குப் போக வசதியில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டில் நானும் மகளும். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. போனை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். அறையில் அந்தப் பெட்டி. ளுஹர் நேரம் போனது. போன் அடிக்கவில்லை. மகள் எடுத்துப் பார்த்தாள். அவருடைய போன் வேலை செய்யவில்லை. தம்பி தன் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான். கார் உருண்டுவிட்டதோ, கூட்டுக்குள் ஆள் சிக்கிக் கிடக்கிறாரோ என்று நினைத்தேன். மகளுக்கு முன்னால் அதைச் சொல்லவில்லை. அவளும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. அசரும் போனது. பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தோம்.

பொழுது சாயும் நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. மகள் எடுத்துக் கேட்டாள், வாயைப் பொத்திக்கொண்டாள், போனை என்னிடம் நீட்டினாள்.

“உம்மா, ஒங்களத்தான் கேக்கார்.”

“மகன், ஒங்களுக்கு ஒண்டும் இல்லையே?”

“எனக்கு ஒண்டும் இல்ல மாமி. போன்தான் சார்ஜ் இல்லாமச் செத்துப் போச்சு. கார் ஓடிச்சி. கடைசிச் சுத்துல குழாய் ஒண்டு கழண்டு நடு றோட்டுல நின்டுட்டு. தள்ளிக்கொண்டுதான் வந்தம்.”

“அப்ப?”

“கொழும்பு மனுசன் பொனட்டத் தூக்கிப் பாத்தார். இது எந்தக் கார்ட டர்போ எண்டு கேட்டார். நெல்லு வெட்டுற மெசின்ட எண்டு மாமா சொன்னார். அந்த மனுசன் நிலத்துல குந்திச் சிரிச்சார் மாமி. மறுகா அந்தத் தகட்டையும் வெல்டிங்கயும் தடவித் தடவிப் பாத்தார். ஒரு இன்ஜின் தந்திரிக்கார், கட்டிக் கொண்டா பாப்பம் எண்டு. லொறியில ஏத்திட்டம்.”

“ஒண்டுதானா?”

“இப்பைக்கு ஒண்டு.”

 லொறிச் சத்தம் கேட்டது, தம்பி யாரோடோ சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது.  

“மாமி, பூன பக்கத்துல இரிக்கா?”

“ஏன் மகன்?”

“நான் போகல்ல எண்டு அதுக்கிட்டச் சொல்லுங்க.”

பூனை கார் நின்ற இடத்தில், மடித்து வைத்த படங்கின் மேல் படுத்திருந்தது. போய்ச் சொன்னேன். காதை ஆட்டியது. மகளும் பின்னால் வந்து நின்றாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. அவளுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தரம் சொன்னேன்.